கொழும்புப் பல்கனியில் உருண்டைக் கக்டஸ்: எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்?

நீங்கள் கேட்டது மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். வெள்ளவத்தையில் கடல் பக்கம் பார்த்த நான்காம் மாடிப் பல்கனி. தை மாதம் வாங்கிய ஒரு சின்ன உருண்டைக் கக்டஸ்: சாம்பல் கலந்த பச்சை, எட்டு விலாக்கள், அவற்றின் குறுக்கே வெளிறிய வரிகள். கிழமைக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் போதும் என்று விற்றவர் சொல்ல, அப்படியே செய்து வந்திருக்கிறீர்கள். இப்போது ஆனி மாதத்தில் அடிப்பக்கம் பழுப்பாகி, உடம்பும் சுருங்கத் தொடங்கியிருக்கிறது. இது செத்துக்கொண்டிருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது, இது பூக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. வெயில் தேசத்துச் செடி ஒன்று, மழைக்காலத்தில் துணி காயவே இரண்டு நாள் எடுக்கும் கொழும்பில் பிழைக்குமா என்பதுதான் அது. பிழைக்கும். கடைகளில் பெயரில்லாமல் விற்கப்படும் உருண்டைக் கக்டஸ்களில், நம் ஊருக்கு மிகவும் ஒத்துப்போகும் இனங்களில் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் தண்ணீர் பற்றிய கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்.

நான் பேராதனையில் விவசாயம் படித்தவன். அதன் பிறகு பல வருடங்கள் பூக்கன்று உற்பத்தி செய்யும் இடமொன்றில் கக்டஸ் பகுதியைப் பார்த்துக்கொண்டேன். இப்போது தெஹிவளையில் வீட்டு மொட்டைமாடியில் வளர்க்கிறேன். ஆகவே கீழே வருவதில் பாடமாகப் படித்ததும் உண்டு, கொழும்பின் மழையிலும் வெக்கையிலும் கண்டதும் உண்டு. நீங்கள் அனுப்பிய படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாத இடங்களை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இது என்ன செடி. கக்டஸ்தான் என்பதில் சந்தேகமே இல்லை. முட்கள் தனித்தனியாகத் தோலிலிருந்து முளைக்கவில்லை. பஞ்சு வைத்த சின்னத் திட்டு ஒன்றிலிருந்து கூட்டமாக வருகின்றன. இந்தத் திட்டு கக்டஸ் குடும்பத்துக்கு மட்டுமே உள்ள அடையாளம். நம் வேலிகளில் நிற்கும் சதுரக்கள்ளிக்கு முள் இருந்தாலும் இந்தத் திட்டு கிடையாது, கீறினால் பால் வரும், அது வேறு குடும்பம். இனம் அநேகமாக ஜிம்னோகலிசியம் மிகானோவிச்சி. 'அநேகமாக' என்று நான் சொல்வதற்குக் காரணம், ஜிம்னோகலிசியம் ஃபிரீட்ரிக்கி என்ற நெருங்கிய உறவினமும் இதே வரிகளோடு இதே அளவில் இருக்கும். சிலர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள், கடைகளில் கலப்பினங்களும் ஏராளம். பூ வந்தால் ஓரளவு தெளிவாகும்: மிகானோவிச்சியின் பூ மஞ்சள் கலந்த பச்சை, மற்றதில் இளஞ்சிவப்பு. பராமரிப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாததால் இப்போதைக்கு அந்தக் கேள்வியைத் தள்ளி வைக்கலாம்.

இதன் ஊர் தென்னமெரிக்காவின் கிரான் சாக்கோ. பராகுவே, பொலிவியா, ஆர்ஜென்டினாவின் வடக்கு என்று பரந்து கிடக்கும் தாழ்நிலம் அது. செக் நாட்டுக்காரரான ஆல்பர்ட்டோ ஃபிரிச் என்ற பயணி சேகரித்த செடியை, ஜேர்மன் தாவரவியலாளர் மாக்ஸ் கூர்க்கெ 1905 இல் விவரித்தார். ஆர்ஜென்டினாவில் பெரிய கப்பல் நிறுவனம் நடத்திய நிக்கோலாஸ் மிகானோவிச்சின் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. சாக்கோவின் கோடை 40 பாகையைத் தாண்டும். மழை பெய்வதும் அந்தக் கோடையில்தான். குளிர்காலம் வறண்டு கிடக்கும். இந்தச் செடி அங்கே வெட்டவெளியில் நிற்பதில்லை. முட்புதர்களின் கீழே, அரைநிழலில், பாதி உடம்பு மண்ணோடு ஒட்டியபடி வளர்கிறது. முழு வளர்ச்சியிலும் குறுக்கே ஐந்தாறு சென்ரிமீற்றர்தான். இதில் நமக்கு வேண்டிய செய்திகள் இரண்டு: வெக்கையும் மழையும் சேர்ந்து வருவது இதற்குப் பழக்கமானது, உச்சி வெயில் பழக்கமில்லை. ரெபூசியா போன்ற மலைநாட்டு உருண்டைகளுக்கு இதெல்லாம் தலைகீழ். அவை ஆண்டிஸ் மலைச் சரிவுகளில் குளிர்ந்து பழகியவை, கொழும்பின் சூடான இரவுகளில் பூக்கத் தயங்கும்.

கக்டஸ் என்றாலே பாலைவனம் என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாகக் காணப்படும் ஒரே கக்டஸ் ரிப்சாலிஸ் பக்சிஃபெரா. அது நம் இலங்கைக் காடுகளிலும் மரக்கிளைகளில் மெல்லிய பச்சைக் கயிறுகளாகத் தொங்குகிறது. முள்ளே இல்லாத, ஈரக்காட்டுக் கக்டஸ். ஆகவே காற்றில் ஈரம் இருப்பது மட்டும் ஒரு கக்டஸைக் கொல்வதில்லை.

கொல்வது, வேரைச் சுற்றி நீண்ட நேரம் தங்கும் ஈரம். இதுதான் என் பதிலின் மையம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கக்டஸ்கள் பகலில் இலைவாய்களை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காபனீரொட்சைட்டை எடுத்துச் சேமித்து, அடுத்த பகலில் ஒளித்தொகுப்புக்குப் பயன்படுத்துகின்றன. அதனால் அவை வெளியேற்றும் தண்ணீர் மிகக் குறைவு. ஒரு செவ்வரத்தைக்குத் தண்ணீர் விட்டால் செடியே மண்ணிலிருந்து உறிஞ்சி காற்றுக்கு விட்டுவிடும். உங்கள் உருண்டை அப்படிச் செய்யாது. சாடியில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகித்தான் போக வேண்டும், கொழும்பில் அது மெதுவாகத்தான் நடக்கும். ஒரே சாடி, ஒரே மண், ஒரே அளவு தண்ணீர்: மாசியில் மன்னாரில் இரண்டு நாளில் காய்ந்துவிடும், வைகாசியில் வெள்ளவத்தையில் பத்து நாளானாலும் அடியில் ஈரம் இருக்கும். அந்தப் பத்து நாளும் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகவைக்கும் பங்கசுகளுக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். ஆகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது என்று கேட்பதை விட்டு, ஊற்றினால் எத்தனை நாளில் காய்கிறது என்று பாருங்கள். ஐந்து நாளுக்குள் அடிவரை காயும்படி சாடியையும் மண்ணையும் இடத்தையும் அமைத்துவிட்டால், அதன் பிறகு தண்ணீர் விடுவதில் பெரிய பிழை நடக்க இடமில்லை. பத்து நாள் எடுக்கிறதென்றால் எந்த அட்டவணையும் உங்களைக் காப்பாற்றாது.

தேக்கரண்டிக் கணக்கு ஏன் சரிவராது என்றும் இதிலேயே தெரிந்துவிடும். ஒரு கரண்டித் தண்ணீர் மேல்மண்ணை மட்டும் நனைக்கிறது. நுனிவேர்கள் அடியில் காய்ந்து சாகின்றன. கழுத்துப் பகுதி, அதாவது உடம்பு மண்ணைத் தொடும் இடம், கிழமை தவறாமல் ஈரமாகவே இருக்கிறது. வேர் பட்டினி, கழுத்து ஈரம். இரண்டு தீமையும் ஒன்றாக வந்து சேர்கின்றன. விடும்போது அடித்துளையால் ஒழுகும் வரை தாராளமாக விடுங்கள். பிறகு முழுதாகக் காயும் வரை, காய்ந்த பின்னும் ஓரிரு நாள், தொடாதீர்கள். காய்ந்ததா என்று பார்க்க சாடியைக் கையில் தூக்கிப் பழகுவதுதான் சிறந்த வழி, கனத்தின் வித்தியாசம் சில தடவைகளிலேயே கைக்குப் பிடிபடும். கை பழகும் வரை மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றை அடிவரை செருகி, கால் மணி நேரம் விட்டு இழுத்துப் பாருங்கள், ஈரம் இருந்தால் குச்சி கறுத்திருக்கும். ஈர்க்கைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு, ஆனால் ஈர்க்கின் வழவழப்பில் ஈரம் சரியாகத் தெரியாது.

அப்புறம் மண். கடையிலிருந்து வந்த கலவை பெரும்பாலும் தும்புத்தூள்தான். தும்புத்தூள் மலிவு, பாரமில்லை, கடைக்காரருக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை. வீட்டில் அதே குணம் செடிக்கு எதிராகிவிடுகிறது: ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், ஒருமுறை முற்றாகக் காய்ந்தாலோ தண்ணீரை உள்ளே விடாமல் ஓரத்தால் ஓடவிடும். நான் பரிந்துரைப்பது பாதிக்கு மேல் கல்: பட்டாணி அளவில் உடைத்த செங்கல் துண்டு, கழுவிய கருங்கல் சிப்ஸ், கிடைத்தால் பேர்லைட் என்ற பாரமில்லாத வெள்ளைக் கல். மீதியில் பருமனான ஆற்று மணல், கருக்கிய உமி, நன்றாக மக்கிய கொம்போஸ்ட் கொஞ்சம். செங்கல் துண்டில் தூள் இருந்தால் சலித்து எறிந்துவிடுங்கள், அந்தத் தூள் அடியில் இறங்கிச் சேறாகும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. சாடி களிமண்ணில் இருந்தால் நல்லது, பக்கச் சுவராலும் ஈரம் வெளியேறும். சின்னத் தயிர்ச்சட்டி வீட்டில் இருந்தால் அதுவே நல்ல சாடி, ஆழம் குறைவு, வாய் அகலம். அடியில் மூன்று துளை போட்டு, புளிப்பும் கொழுப்பும் போக ஊறவைத்துக் கழுவி எடுங்கள். ஆனால் ஒற்றைச் செடிக்குப் பெரிய சட்டி ஆகாது. உருண்டையைச் சுற்றி ஒரு விரலளவு இடம் போதும், அதற்கு மேல் உள்ள மண் வேரில்லாத வெறும் ஈரக் களஞ்சியம். துளையில்லாத பீங்கான் கோப்பையில் நட்டு விற்கிறார்களே, அது அலங்காரம், அதில் நீண்ட நாள் வாழ முடியாது. மேலே கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் உடைத்து எடுங்கள். தலையில் காய்ந்த பூ ஒன்றைச் சூடான பசையால் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான், வளரும் நுனி அதற்குக் கீழேதான் இருக்கிறது.

இப்போது உங்கள் செடிக்கு வருவோம். அடியில் வந்திருக்கும் பழுப்பு இரண்டில் ஒன்றாக இருக்கலாம், படத்தில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். ஒன்று வயது முதிர்வு. உருண்டைக் கக்டஸ்களின் அடித்தோல் காலப்போக்கில் மரப்பட்டை போலக் காய்ந்து பழுப்பாகும், அது நோயில்லை. மற்றது அழுகல். விரலால் அமுக்கிப் பாருங்கள். கட்டியாக, வறண்டு, எல்லை தெளிவாக இருந்தால் முதிர்வு. அமுங்கினால், நிறம் கறுத்து ஈரமாகத் தெரிந்தால், புளித்த வாடை வந்தால் அழுகல். சுருக்கத்தையும் மண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மண் பல நாளாகக் காய்ந்து கிடந்து உடம்பு சுருங்கியிருந்தால் தாகம், ஒருமுறை தாராளமாகத் தண்ணீர் விட்டால் ஒரு கிழமைக்குள் நிமிரும். மண் ஈரமாக இருந்தும் சுருங்கியிருந்தால் உறிஞ்ச வேர் இல்லை என்று பொருள், அப்போது இன்னும் தண்ணீர் விடுவதுதான் செய்யக் கூடாத காரியம். நீங்கள் தேக்கரண்டிக் கணக்கில் விட்டு வந்ததையும், வைகாசி மழை பல்கனிக்குள் அடித்ததையும் சேர்த்துப் பார்க்கும்போது, நுனிவேர் முன்பே செத்து, அதன் மேல் மழை ஈரம் சேர்ந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான். வெளியே எடுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

செடியை எடுத்து, பழைய மண்ணை உதிர்த்து, வேரைப் பாருங்கள். வெளிறிய நிறத்தில் இழுத்தால் அறுபடாத வேர்கள் இருந்தால், செத்ததை மட்டும் வெட்டி, நாலைந்து நாள் நிழலில் வைத்துப் புதுக் கலவையில் நடுங்கள். எல்லாம் கறுத்து, தோல் கழன்று வந்தால், ஸ்பிரிட்டில் துடைத்த கூரிய கத்தியால் அடியிலிருந்து மெல்லிய வில்லைகளாக வெட்டிக்கொண்டே மேலே போக வேண்டும். நடுவில் ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தில் செம்மஞ்சளோ பழுப்போ ஒரு புள்ளிகூட இல்லாமல் சுத்தமாகும் வரை நிறுத்தக் கூடாது, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். பழுப்பு உச்சி வரை போயிருந்தால் காப்பாற்ற முடியாது, அதைச் சாடியோடும் மண்ணோடும் அப்புறப்படுத்துங்கள். சுத்தமான வெட்டு கிடைத்தால் வெட்டுமுகத்தில் கந்தகத்தூள் தடவலாம். கறுவாத்தூள் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள், அது எந்தளவு உதவுகிறது என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, கெடுதலும் இல்லை. உண்மையில் உதவுவது காற்று. காய்ந்த நாட்டில் நாலைந்து நாளில் ஆறும் வெட்டு, இந்த மாதங்களில் கொழும்பில் இரண்டு கிழமை எடுக்கும். மின்விசிறி ஓடும் அறையில், வெயில் படாமல், வெட்டுமுகம் பக்கவாட்டில் இருக்கும்படி சாய்த்து வையுங்கள். முகம் விறைத்து வறண்ட பின் காய்ந்த கலவையின் மேல் உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் விடாமல் காத்திருங்கள். வேர் வர சில கிழமைகள் ஆகலாம், சில சமயம் மாதங்கள். மெல்லத் தூக்கும்போது மண்ணைப் பிடித்துக்கொள்கிறதா என்பதுதான் அடையாளம்.

வெளிச்சம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது இல்லாமல் தண்ணீர் பற்றிச் சொன்னது நிற்காது. ஒளி குறைந்த இடத்தில் செடி தண்ணீரைப் பயன்படுத்தாது, சாடியும் காயாது. இந்த இனத்துக்கு நல்லது காலை வெயில், அல்லது நிழல்வலையின் கீழ் முழுநாள் வெளிச்சம். உங்கள் பல்கனி மேற்குப் பார்த்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் சீமெந்துச் சுவர் சூடேறி, நேர் வெயிலும் அடிக்கும். அங்கே கம்பி ஓரத்தில் வைக்காமல் சுவர்ப்பக்கம் உள்ளே தள்ளி வையுங்கள், அல்லது மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள். வெயில் சுட்ட இடம் முதலில் வெளிறி, பிறகு தழும்பாகும், அந்தத் தழும்பு மறையாது. பல நாள் மழை மூட்டத்துக்குப் பிறகு திடீரென்று வெளிக்கும் நாளில்தான் பெரும்பாலான செடிகள் சுடுபடுகின்றன. வடக்கோ தெற்கோ பார்த்த பல்கனி உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: கொழும்பு வட அகலாங்கு 7 பாகைக்குக் கிட்ட இருப்பதால் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொஞ்சம் முன்பும், செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும், மீதி மாதங்களில் தெற்கே. வருடம் முழுவதும் வெயிலே படாது என்று நினைத்த வடக்குப் பல்கனிக்கு ஆனி ஆடியில் வெயில் வரும். இதை அறியாமல் ஒரே இடத்தில் வைத்துவிட்டு, ஏன் திடீரென்று மஞ்சளாகிறது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அறைக்குள் வைப்பதென்றால் ஜன்னல் விளிம்பிலேயே வைக்க வேண்டும், மூன்று நான்கு அடி உள்ளே போனால் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிந்தாலும் செடிக்கு அது இருட்டு. அப்படிப்பட்ட இடத்தில் உருண்டை கூம்பாக நீண்டு வெளிறும். கணினிப் பக்கத்தில் வைத்தால் கதிர்வீச்சை உறிஞ்சும் என்று சொல்லி மேசையில் வைக்கச் சொல்வார்கள், அதில் உண்மை இல்லை.

மழையைப் பொறுத்தவரை, கொழும்பில் வருடத்துக்கு 2400 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. வைகாசியிலும், ஐப்பசி கார்த்திகையிலும் மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் போகும். இந்தக் காலங்களில் கூரையில்லாத இடத்தில் வைக்கக் கூடாது. தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேராக உங்கள் பல்கனிக்குத்தான் வருகிறது, மழையோடு உப்பும் வரும். பல்கனிக் கம்பி துருப்பிடிக்கிற வேகத்தைப் பார்த்தாலே எவ்வளவு உப்பு என்று தெரியும். காற்று அடங்கிய ஒரு வெளிச்சமான காலையில் நல்ல தண்ணீரால் உடம்பைக் கழுவி, மாலைக்குள் காயவிடுங்கள். கொழும்புக் குழாய்த் தண்ணீர் இதற்கும், விடுவதற்கும் பொருத்தமானது. களனி ஆற்றுத் தண்ணீரை அம்பத்தளையில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள், சுண்ணாம்பு குறைவு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ப்பவர்களுக்கு சாடி விளிம்பிலும் செடியின் அடியிலும் வெள்ளைப் படிவு வரும், அவர்கள் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து விடுவது நல்லது. உரம் அதிகம் தேவையில்லை. இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் அல்பேட் கரைசலை, சொல்லியிருக்கும் அளவில் காலில் ஒரு பங்காகக் கரைத்து, வளரும் காலத்தில் மாதமொருமுறை விட்டால் போதும். யூரியா வேண்டாம், உடம்பு ஊதி வெடிக்கும், அல்லது மென்மையாகி நோய் பிடிக்கும்.

பூச்சியில் முக்கியமானது மாவுப்பூச்சி. விலாக்களின் இடுக்கிலும் உச்சிப் பஞ்சிலும் வெள்ளையாக ஒளிந்திருக்கும். எறும்பு ஏறி இறங்கினால் அதைத் தேடுங்கள். பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்தால் போகும், கிழமைக்கொருமுறை என்று மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும், முட்டைகள் தப்பிவிடும். சாடி மாற்றும்போது வேரிலும் வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள், வேருக்கென்றே ஒரு மாவுப்பூச்சி உண்டு. இந்தப் பூச்சிகளின் தூரத்து உறவான கொச்சினீல் பூச்சியை 1860களில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்து, இங்கே பரவிக் கிடந்த நாகதாளிக் கக்டஸைக் கட்டுப்படுத்தினார்கள். களையை அழிக்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேண்டுமென்றே பூச்சியைக் கொண்டுபோன முதல் நிகழ்வாக அதைச் சொல்வார்கள். ஒரு சின்னப் பூச்சிக் கூட்டம் கக்டஸை என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது, ஆகவே வெள்ளைப் புள்ளி ஒன்றைக் கண்டாலும் அடுத்த கிழமை பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

பூக்குமா என்றால், பூக்கும். மூன்று வருடம் அளவில் வளர்ந்த செடி, குறுக்கே மூன்று சென்ரிமீற்றர் தாண்டியது, பூக்கும் வயதில் இருக்கிறது. மொட்டு உச்சிக்குக் கிட்ட உள்ள திட்டுகளிலிருந்து வரும். முடியோ முள்ளோ இல்லாமல் வழுவழுப்பாக, செதில் செதிலாக இருப்பதால் மொட்டைப் புதுக் குட்டி என்று நினைத்துவிடலாம். பூ பகலில் விரிந்து இரவில் மூடி, சில நாட்கள் நிற்கும். சாக்கோவின் வறண்ட குளிர்காலம் முடிந்து வெக்கையும் மழையும் வரும்போது பூப்பதுதான் இதன் பழக்கம். கொழும்பில் குளிர் கொடுக்க முடியாது, வறட்சி கொடுக்கலாம். மழை குறைந்த தை, மாசி மாதங்களில் தண்ணீரை நன்றாகக் குறைத்து, மூன்று கிழமைக்கு ஒருமுறை என்ற அளவில் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டி, பங்குனியில் மறுபடி தாராளமாகத் தொடங்கினால் மொட்டு வரும் வாய்ப்பு அதிகம். என் மாடியில் இது பெரும்பாலும் வேலை செய்கிறது. நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், ஒரே தட்டில் இருக்கும் செடிகளிலேயே சில பூக்கும், சில பூக்காது. விதை வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் பூத்த இரண்டு வெவ்வேறு செடிகள் வேண்டும், பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. உங்கள் செடி இந்த வருடம் வேரைத் திரும்பப் பெறுவதே போதும், பூவை அடுத்த பங்குனிக்குப் பார்க்கலாம்.

கடைசியாக, அந்த மூன்று கேள்விகளோடு சேர்த்து, பத்தரமுல்லை தியத்த உயனக் கடைகளில் பார்த்த சிவப்பு உருண்டையையும் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதுவும் அநேகமாக உங்கள் செடியின் இனம்தான், அல்லது அதன் கலப்பு. 1940களின் தொடக்கத்தில் ஜப்பானில் விதைத்த நாற்றுகளுக்குள் பச்சையமே இல்லாத சிவப்புக் குஞ்சுகள் தோன்றின. தாமாக உணவு செய்ய முடியாத அவற்றை வேறு கக்டஸ் தண்டில் ஒட்டி உயிரோடு வைத்தார்கள். இன்று பெரும்பகுதி தென்கொரியாவில் உற்பத்தியாகிறது. கீழே இருக்கும் முக்கோணப் பச்சைத் தண்டு டிராகன் பழச் செடியின் தண்டு, நம் ஊரில் நன்றாக வளர்வது. சிவப்புத் தலையைத் தனியே எடுத்து நட்டால் செத்துவிடும். ஒட்டும் நீண்ட காலத்துக்கு வராது, சில வருடங்களில் தண்டோ தலையோ முந்திக்கொள்ளும், அப்போது பக்கக் குட்டியை எடுத்துப் புதுத் தண்டில் ஒட்ட வேண்டியிருக்கும். அந்தத் தண்டுக்கு உங்கள் உருண்டையைவிடக் கொஞ்சம் அடிக்கடி தண்ணீர் வேண்டும், ஆகவே இரண்டையும் ஒரே சட்டியில் நடாதீர்கள். வாங்குவதென்றால் ஒட்டு இடத்தில் இடைவெளி இல்லாததாக, தண்டு அடிவரை கட்டியாகப் பச்சையாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். இரண்டு கிழமை மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வைத்து, பூச்சி இல்லையென்று கண்ட பிறகு பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.